சராசரியில் யாரும் இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை.

நூலகத்தில் பெரியவர்களுக்கு நான் எடுக்கும் கைபேசி வகுப்புக்கு ஆறு மாதம் முடிந்தது. அதனால் பயன் உண்டா என்று எழுதிக் கொடுத்தால்தான் இனி அறை கிடைக்கும் என்று நூலகர் சொல்லிவிட்டார். அம்மாவையும் சேர்த்து இருபத்துநான்கு பேருக்குப் படம் அனுப்புவது, பெயர் தேடிக் கூப்பிடுவது என்று பத்து வேலை கொடுத்துச் சோதித்தேன். சராசரி ஐந்து வந்தது. எல்லோரும் பாதி கற்றுவிட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு உன்னிடம் பெருமை அடித்தால், சராசரியை மூடி வைங்கப்பா, ஒவ்வொருத்தர் மார்க்கையும் பரப்பி அது என்ன உருவத்துல இருக்குன்னு முதல்ல பாருங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். பெற்ற பெண்ணிடமே வீட்டுப்பாடம் வாங்கிக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் பூஜ்யம் முதல் பத்து வரை சாக்பீஸால் எழுதி, அம்மாவின் பொத்தான் டப்பாவிலிருந்து ஆளுக்கொரு பொத்தான் வைத்துப் பக்கத்தில் பேரும் எழுதினேன். நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் சரியும் என்றுதான் நினைத்தேன். ஒன்று இரண்டில் ஒரு குவியல், எட்டு ஒன்பதில் இன்னொரு குவியல், ஐந்தில் பேருக்குக்கூட ஒரு பொத்தான் இல்லை. வயதுதான் காரணம் என்று பார்த்தால் எண்பது வயது தையல்காரர் ஒன்பது வாங்கியிருக்கிறார். படிப்பு என்று பார்த்தால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இரண்டு. தட்டு வைக்க இடம் கேட்டு வந்த அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இந்த ஒண்ணு ரெண்டு பக்கம் இருக்கிறவங்க எல்லாம் தடுமாறினப்போ நீங்க போனைப் பிடுங்கி நீங்களே செஞ்சு குடுத்தவங்க, அந்தப் பக்கம் உங்களுக்குப் பிடிக்காதவங்க, அவங்ககிட்ட நீங்க போகவே இல்லை, தானா கத்துக்கிட்டாங்க என்றாள். பேர் பேராகச் சரிபார்த்தேன், அத்தனையும் சரி. எதிர்க்கேள்வி கேட்கிறார் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட பேருந்து ஓட்டுநர் பத்துக்குப் பத்து.

அம்மாவின் பொத்தான் ஒன்றில் இருந்தது. நீ ஊரை விட்டுப் போன இந்த ஆறு வருஷமாக உன் எண்ணை நான்தானே அழுத்தி அவள் காதில் வைக்கிறேன். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் அவளை எப்படிக் கூப்பிடுவேன் என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டு, இரண்டு குவியலையும் வரைந்து, காரணம் ஆசிரியரின் கை என்று எழுதிக் கொடுத்தேன். நூலகர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அறை உண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடத்துங்கள் என்றார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நீண்ட நாள் வாழ வேண்டும். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு காலை அம்மா தானே உன்னைக் கூப்பிடப் போகிறாள். பாதியில் நின்றுபோனாலும் மறந்தும் நீ திரும்பக் கூப்பிடாதே, அவளே மறுபடி போடட்டும். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லாதே, நான் அடுத்த அறையில் இருப்பேன். எவ்வளவு நேரமானாலும் அவளுக்காகக் காத்திரு, நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா