பெல்ஜியத்திலிருந்து அப்பாவுக்கு ஐந்து கார்டுகள்

ஸ்லைடு ப்ரொஜெக்டரின் விளக்கு சூடானதும் தூசி கருகும் வாசனை வந்தது. மொன்ட்ரியாலில், நம் நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டுச் சுவரில், ப்ரூஜ் நகரத்துக் கால்வாய்ப் பாலத்தின்மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். அலமாரியைக் குடைந்து படப்பெட்டியை எடுத்தவள் நம் பெண். அவள் பிறப்பதற்கு முந்தைய வருஷத்துப் படம். "அம்மா, நீ எவ்ளோ சிரிக்கிற!" என்றாள். எழுந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். குழந்தை பயந்துபோனாள். அவளைச் சொல்லி என்ன? நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது, என் கோபம் இம்மியும் குறையவில்லை.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் நாம் போன ஒரே ஊர்சுற்றல் அது. லாசால் தொழிற்சாலையில் லீவு கிடைத்ததும் நீங்கள்தான் பெல்ஜியம் என்றீர்கள். சின்ன நாடு, ஒன்பது நாளில் எல்லாப் பழைய ஊரையும் பார்த்துவிடலாம் என்று கணக்கு. மொன்ட்ரியாலில் பழகிய ஃபிரெஞ்சில் நீங்கள் ப்ரஸ்ஸல்ஸ் ஹோட்டல்காரரிடம் எழுபதை 'அறுபது-பத்து' என்று சொல்லப்போக, அவர் எழுபதுக்கென்றே தங்கள் ஊரில் இருக்கும் ஒற்றை வார்த்தையைச் சொல்லித் திருத்தினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். எப்படி ஐயா சிரிக்க முடிந்தது உங்களால்?

ஊரில் என் அப்பா இறந்த தந்தி உங்கள் கோட்டுப் பையில் இருந்தது. கிளம்பிய அன்று நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறீர்கள். ஆகஸ்ட் வெயிலில், ப்ரூஜ் மணிக்கூண்டுப் படிகளில் மூச்சிரைக்க ஏறும்போதுகூட நீங்கள் அந்தக் கோட்டைக் கழற்றவில்லை. பைத்தியக்காரி நான், உங்களுக்குக் குளிர் ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஒவ்வொரு ஊரிலிருந்தும் அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதினேன். ப்ரஸ்ஸல்ஸ் சதுக்கம், கென்ட் கோட்டை, லூவன் நகர மண்டபம் என்று ஐந்து. "அப்பா, ரொம்ப சந்தோஷமா இருக்கேன்" என்று எல்லாவற்றிலும் எழுதினேன். ஸ்டாம்பு ஒட்டி அஞ்சல் பெட்டியில் போட்டது நீங்கள்.

திரும்பி வந்ததும் தெருமுனைத் தெப்பானர் கடையில் பால் வாங்கிவந்து, காபி போட்டுக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து தந்தி விஷயத்தைச் சொன்னீர்கள். உடனே ஊருக்குப் போயிருந்தாலும் முகத்தைப் பார்த்திருக்க முடியாதாம். காதில் விழாதவரைக்கும் தீட்டு இல்லையாம், சாஸ்திரமே சொல்கிறதாம். சாஸ்திரத்தை யார் கேட்டார்கள்? கார்டுகளையாவது கிழித்துப் போட்டிருக்கக்கூடாதா என்று கத்தினேன்.

"நீ நம்பிக் கொடுத்த கார்டை எப்படிப் போடாம இருக்கிறது? அது தப்பில்லையா?" என்றீர்கள்.

உங்கள் நேர்மை அந்த லட்சணத்தில் இருந்தது.

பத்தாம் நாள் காரியத்தன்று முதல் கார்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. வந்திருந்தவர்கள் முன்னால் தம்பி அதை வாசித்திருக்கிறான். தந்தி கிடைத்தும் நான் ஊர் சுற்றப் போனதாகத்தான் அம்மா நினைத்தாள். எனக்குத் தெரியாது என்று நான் எழுதியதை அவள் நம்பவில்லை. புருஷனைச் சாக்குச் சொல்லாதே என்று பதில் வந்தது. நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும் என்று கெஞ்சினேன். "எழுதறேன், எழுதறேன்" என்றீர்கள். மாப்பிள்ளை மரியாதை போய்விடும் என்ற பயம் உங்களுக்கு. ஆறு வருஷம் அம்மா உயிரோடு இருந்தாள். நீங்கள் எழுதவேயில்லை. அவள் எனக்கு எழுதுவதையும் நிறுத்திவிட்டாள்.

அப்பாவுக்காக நான் அழவேயில்லை தெரியுமா? அழ உட்கார்ந்தாலே உங்கள்மேல் ஆத்திரம் முந்திக்கொண்டு வந்துவிடும்.

நீங்கள் போனபோது அத்தனையும் சேர்ந்து வந்தது. நாள் கணக்கில் அழுதேன். வந்தவர்களெல்லாம் புருஷன்மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. உங்களிடம் மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் மூன்று நாள் அழுதது அப்பாவுக்கு. அப்புறம் அம்மாவுக்கு. உங்கள் முறை இன்னும் வரவில்லை.