மலரின் மூளை மின்சாரமும் என் வாயும்

ஞாயிறு, இரவு.

பாகான் டாலாமில் அக்கா வீட்டில் அவள் மகள் மலரைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். போன மாதம் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் அவள் தலையில் கம்பித் தொப்பி மாட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். எச்சிலில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த மரபணுக்களைப் பார்த்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாமாம்.

நான் தட்டிலிருந்த கறிபாப் பலகாரத்தை மென்றுகொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நம்ம மலருக்கு மூளையில கரண்டு ஜாஸ்தி லா, ஜீன்லயே இருக்காம்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "பிள்ளைங்களுக்கும் வருமா அண்ணே?" என்றார்.

"வராமலா? ஃப்ரீயா வரும்!"

ஜார்ஜ்டவுனுக்கு ஃபெர்ரியில் திரும்பும்போது அக்கா அழைத்தாள். மலருக்கு மூளையில் நோய் எதுவும் இல்லை என்று அந்த அம்மா மருத்துவச் சான்றிதழ் கேட்கிறாராம். உடனே மலரை அழைத்தேன்.

"அது நோயே இல்ல மாமா. நெறைய பேர சேத்துப் பாத்தாதான் ஏதாச்சும் தெரியும். என் ஒருத்திய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"நான் அந்தம்மாகிட்ட விளக்கட்டா?"

"வேணாம் மாமா. நீங்க பேசாம இருந்தா போதும்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன்.