அழுகைப் படத்துக்குச் சிவப்பு ரஸ்ஸா

அப்பா,

அம்மாவின் பதின்மூன்றாம் நாள் நேற்றோடு முடிந்ததால் இன்று கறி சமைத்துவிட்டேன். அடுப்பின் மேல் மட்டன் சிவப்பு ரஸ்ஸாக் குழம்பு இருக்கிறது. சோள ரொட்டி, அதான் பாக்ரியை, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வெள்ளை ரஸ்ஸா இல்லை. சிரிப்புப் படத்துக்குத்தான் அம்மா அதை வைப்பாள். டிவியில் அவளுக்குப் பிடித்த அழுகைப் படம் தயாராக நிற்கிறது. பட்டனை அமுக்கினால் போதும்.

மிளகாய்ப் பொடி இரண்டு மடங்கு. ஒவ்வொரு அழுகைப் படத்துக்கும் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னடி இவ்வளவு காரம் போட்டிருக்க?" என்று திட்டுவீர்கள். "ஆமாங்க, கை தவறிடுச்சு" என்பாள் அம்மா. அவள் கை ஒருநாளும் தவறியதில்லை.

சுடுகாட்டில் எல்லார் முன்னாலும், "உங்களுக்குக் கண்ணீரே வராதா?" என்று கேட்டுவிட்டேன். அங்கே ரஸ்ஸா இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

அத்தையை ரங்காளா ஏரிக்கரைக்குக் கூட்டிப் போகிறேன். அவளுக்குக் காற்று வேண்டும் என்று நான் முடிவு செய்திருக்கிறேன். எட்டு மணிவரை வீட்டுக்கு யாரும் வர மாட்டோம். வந்ததும் மணி அடிப்போம், மெதுவாகவே திறவுங்கள்.

தைர்யசீல்

பி.கு. எனக்கு எடுத்து வைக்க வேண்டாம். மதியமே தனியாகச் சாப்பிட்டுவிட்டேன், முழுப் படத்தோடு.