புல்லுருவிக்குக் கிடைத்த உயிர்ச் சான்று

அனுப்புநர்:
தையற்கடை நடத்துபவர்,
தெருமுனை மரத்தடி வீடு.

பெறுநர்:
மர அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: பட்டுப்போன கிளையை வெட்ட அனுமதி மறுத்தது, அது விழுந்தபின் எனக்கே நோட்டீஸ் அனுப்பியது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கடை வாசலில் நிற்கும் மரம் தங்கள் அலுவலகத்துக்குச் சொந்தம். அதில் ஒரு குச்சியைக்கூட நாங்கள் ஒடித்ததில்லை. வாசலுக்கு மேல் நீண்டிருந்த ஒரு கிளை பட்டுப்போய்ப் பட்டை உரிந்து நின்றதால், அதை மட்டும் வெட்டித் தருமாறு மூன்று முறை மனுக் கொடுத்தேன். ஆபத்தான கிளையை ஏழு நாளில் பார்வையிட வேண்டும் என்பது தங்கள் விதி. தங்கள் ஆய்வாளர் பதினோராவது வாரம் வந்தார்.

2. வந்தவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, "அதான் பச்சையா இலை இருக்கே, உயிரோட இருக்கிற கிளைம்மா" என்றார். அது மரத்தின் இலை அன்று, கிளையின் அடிமூட்டில் ஒட்டி மரத்தின் சாற்றை உறிஞ்சி வளர்ந்த புல்லுருவி என்று சொன்னேன். "எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அனுமதிக்க இயலாது என்ற கடிதம் மறுவாரம் வந்தது. அந்த வேகத்தை மட்டும் பாராட்டுகிறேன்.

3. சென்ற மாதம், காற்றே இல்லாத ஒரு காலையில், கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த என் தங்கை மேல் அந்தக் கிளை முறிந்து விழுந்தது. தீயணைப்பு வீரர்கள் கிளையை ரம்பத்தால் அறுத்துத்தான் அவளை வெளியே எடுத்தார்கள். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. இப்போது அவளுக்குத் தலை வாரிவிடுவதே நான்தான். "தையல் பிரிஞ்சா திரும்பப் போட்டுடலாம்க்கா, இதை என்ன பண்றது?" என்று கேட்கிறாள். தங்களிடம் பதில் இருந்தால் எழுதி அனுப்பவும்.

4. ஆனால் தாங்கள் அனுப்பியது நோட்டீஸ். அனுமதியின்றிக் கிளை வெட்டியதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம், பத்து மரக்கன்று நட வேண்டுமாம். ஆதாரமாக இணைத்த படத்தில் தீயணைப்பு வண்டி பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. படம் எடுத்தவருக்கும் அது தெரியவில்லை, கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியவில்லை. கிளையைப் பார்க்கப் பதினோரு வாரம். படம் பிடிக்க அரை மணி நேரம். என் விளக்கம் இவ்வளவுதான்.

5. அதே மரத்தில் இன்னொரு கிளையும் பட்டுவிட்டது. அதன் அடியில்தான் தெருவார் பேருந்துக்கு நிற்கிறார்கள். அதிலும் புல்லுருவி தழைத்திருக்கிறது. ஆகவே தங்கள் கோப்பில் அது நூறாண்டு வாழும். நோட்டீஸை ரத்து செய்து, ஏணியில் ஏறத் தெரிந்த ஒருவரை அனுப்பி, வரும் புதன்கிழமைக்குள் அக்கிளையை அகற்றக் கேட்டுக்கொள்கிறேன்.

6. தவறினால் வியாழன் காலை பத்து மணிக்கு ஆள் வைத்து நானே வெட்டுவேன். இது அனுமதி கேட்பது அன்று, முன்கூட்டிச் சொல்வது. தடுக்க நினைப்பவர்கள் தாராளமாக வரலாம். அந்தக் கிளைக்கு நேர் கீழே நின்று தடுக்குமாறு மட்டும் பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இடம்: மரத்தடி
நாள்: நோட்டீஸ் கிடைத்த நான்காம் நாள்

இப்படிக்கு,
(ஒப்பம்)
தையற்காரி