பிரிக்காத கடிதங்கள்

சூரமங்கலம்,
12-3-1966

அன்புள்ள அற்புதராஜுக்கு,

லண்டனில் ஒரு சங்கம் இருக்கிறது. மனதில் பட்டதைச் சொன்னதற்காகச் சிறைக்குப் போனவர்களுக்கு முகம் தெரியாதவர்களைக் கடிதம் எழுத வைக்கிறார்கள். பங்குச் சாமியார் சொல்லி, போர்ச்சுக்கல் சிறையிலிருந்த ஒரு வாத்தியாருக்கு நானும் மாதம் ஒன்று எழுதினேன்.

அவர் விடுதலையாகிவிட்டார். கடிதம் ஒன்றைக்கூட அவரிடம் கொடுக்கவில்லையாம். ஆனால் மூட்டை மூட்டையாகத் தபால் வருவதைப் பார்த்தே ஜெயிலர் மிரண்டுபோய், அடிப்பதை நிறுத்திக் கம்பளியும் கொடுத்தாராம். எப்பேர்ப்பட்ட மனிதர்கள் பார், அந்தச் சங்கத்தார்!

நேற்று சங்ககிரி சந்தையில், நீ கல்யாணம் முடித்துக் கூட்டி வந்த அன்று நான் வாசலோடு திருப்பி அனுப்பிய உன் மனைவியைப் பார்த்தேன். அவளே வந்து பேசினாள். "உங்க கடுதாசிய அவரு பிரிக்கறதில்லீங்க மாமா. ஆனா ஒண்ணையும் வீசலீங்க."

இதையும் பிரிக்க வேண்டாம். வந்து சேர்ந்தால் போதும்.

உன் அப்பா