இன்னொரு கைக்கு

தவோங்காவின் அப்பாவுக்கு,

பச்சை! கிளினிக்கில் கை அளக்கும் நாடா இன்று பச்சையில் நின்றது! மெலிந்துபோய்ச் சிவப்பில் கிடந்த என் அதே கைதான். பெண்கள் எல்லோரும் குலவையிட்டார்கள்.

நர்ஸம்மா என் தோளில் அடித்து, "சதை போட்டுட்டியேடி! மெலிஞ்சவங்களுக்குத் தர்ற கடலைப் பசைப் பொட்டலம் இனிமே உனக்குக் கிடையாது, வீட்ல சோளமாவு நிசிமா கிண்டித் தின்னு. எச்.ஐ.வி. மாத்திரையை மட்டும் விட்டுடாத" என்றார்.

நீங்கள் வேலைக்குப் போன மங்கோச்சி ஏரிக்கரையில் எடுத்த உங்கள் படம் வந்தது. கொளுத்தும் அக்டோபர் வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கு? நான் ஒன்றும் கேட்கவில்லை.

நர்ஸம்மாவிடம் புது நாடா ஒன்று கேட்டேன்.

"உனக்குத்தான் சரியாயிடுச்சே, எதுக்குடி?"

"இன்னொரு கைக்கு."

அவர் சிரிக்கவில்லை. கொடுத்துவிட்டார்.

இத்துடன் வைத்திருக்கிறேன். சட்டைக்கையை மடித்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். எந்த நிறமானாலும் இந்தக் கிளினிக்குக்குப் பஸ் ஏறிவிடுங்கள். உங்களுக்குத் தரப்போகும் கடலைப் பசைப் பொட்டலத்தின் மூலையைப் பல்லால் கிழிக்க வேண்டும். அதை நான் சொல்லித்தருகிறேன்.

இப்படிக்கு,
சதை போட்ட உங்கள் மனைவி