செல்வி போட்ட கோடு

அக்கா,

கீழ் வீட்டுப் பெண் வீட்டிலேயே கேக் செய்து விற்கப் போகிறாளாம். இன்று காலை மொபைலைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கடைப் பெயரை நாற்பது விதமான எழுத்தில் போட்டுக் காட்டுகிறது அது. "அங்கிள், நீங்க ஆர்டிஸ்ட்தானே, ஜல்தி ஒண்ணு செலக்ட் பண்ணிக் குடுங்க" என்றாள். தடித்தது, ஒல்லியானது, கொடிபோல் வளைந்தது என்று தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நிறுத்தினாள். பள்ளிக்கூடப் பெண் யாரோ நோட்டில் எழுதியதுபோல் கோணல்மாணலாக இருந்தது. "இது நல்லாருக்குல்ல? கையால எழுதின மாதிரியே."

கண் சரியாகத் தெரியவில்லை என்று பொய் சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். மதியம் சோறு இறங்கவில்லை. நீங்கள் போய் ஆறு வருடம் ஆகிறது. நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. பதில் வராது என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன். அவ்வளவுதான் என் வீரம்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் உங்கள் எதிர் வீட்டில் நான் தனிக்கட்டையாக இருந்த காலம். எழுபதுகளின் கடைசி. அரசாங்க விளம்பரப் பிரிவில் எழுத்து வரைவது எனக்கு வேலை. டெல்லியிலிருந்து போகிற சுவரொட்டிகளில் தமிழ் இருந்தால் அது பெரும்பாலும் என் கைதான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாண்டுச் சுவரைப் பார்த்து, "இந்த ‘கு’வைப் பார், என்னமாய் உட்கார்ந்திருக்கிறது" என்று நானே என்னை மெச்சிக்கொள்வேன்.

நீங்கள் இட்லிப் பொடி இடித்துக் காலனித் தமிழ் வீடுகளுக்குக் கொடுத்து வந்தீர்கள். பொட்டலத்தில் ஒட்டும் சீட்டை எழுதுவது உங்கள் மகள் செல்வி. டெல்லியில் பிறந்தவள். பள்ளியில் ஹிந்தி, இங்கிலீஷ். தமிழை அடுப்படியில் உங்களிடம் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுக்கு எழுதும் முன் மேலே ஒரு கோடு வேண்டும். கோட்டைப் போட்டுவிட்டு, ஹிந்தியைப் போலவே தமிழ் எழுத்துகளை அதிலிருந்து தொங்கவிடுவாள். ‘ப’வின் மேல் கோடு விழுந்து அது மூடிய பெட்டியாகிவிடும். ‘ட’வுக்கு அடியில் ஒரு தொப்பை வைப்பாள்.

"என்னம்மா, எழுத்தையெல்லாம் கொடியில காயப் போட்டுட்டியா?" என்று நான் கேலி செய்வேன்.

"அரே அங்கிள், லைன் இல்லேன்னா எல்லாம் கீழ விழுந்துடும்" என்பாள், நிமிர்ந்து பார்க்காமலே.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலை உங்கள் வீட்டுக்காரர், அண்ணாச்சி, ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வந்தார். கையில் சாவியை வைத்துக்கொண்டு பூட்டைத் திறக்காமல் படியில் உட்கார்ந்திருந்தார். நான்தான் வாங்கித் திறந்துவிட்டேன். அவளுக்குப் பதினாறு முடிந்து இரண்டு மாதம்.

ஊரிலிருந்து வந்த உங்கள் நாத்தனார், கண்ணில் பட்டால் அழுதுகொண்டே இருப்பீர்கள் என்று, செல்வியின் நோட்டுப் புத்தகங்களை எல்லாம் பழைய பேப்பர் எடுக்கும் கபாடிவாலாவிடம் போட்டுவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். இரண்டு கட்டுகளை நானே சுமந்து கீழே இறக்கினேன். எப்படியும் அந்த நோட்டுகளில் தமிழ் இல்லை. தமிழை அவள் பொடிச் சீட்டில் மட்டும்தான் எழுதினாள். சீட்டுகளோ பொட்டலத்தோடு போய், கிழிபட்டு, குப்பையில் விழுந்துவிட்டன.

எட்டு மாதம் உங்கள் வீட்டில் உலக்கைச் சத்தமே கேட்கவில்லை. பிறகு கரோல் பாக்கில் ஒரு தமிழ் மளிகைக்காரர், உங்கள் பொடியைத் தன் கடையில் வைப்பதாகச் சொன்னார். அச்சடித்த லேபிள் வேண்டும், அதில் ஒரு பெயர் வேண்டும் என்றார். அண்ணாச்சி என்னிடம் வந்து, "அவ ஏதாவது செஞ்சிட்டிருந்தா போதும்டே, செவரப் பாத்துட்டே உக்காந்திருக்கா" என்றார். நான் உற்சாகமாகிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மாதிரிகள் எழுதிக்கொண்டு வந்து உங்கள் கட்டிலில் பரப்பினேன். மளிகைக்குக் கட்டை எழுத்து, தூரத்திலிருந்து தெரியும். இது தூரிகை எழுத்து, வீட்டுச் சமையல் மாதிரி இருக்கும். இந்த வளைவெழுத்து புடவைக்கடைக்குப் பொருந்தும், ஆனாலும் பாருங்கள். இப்படி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தீர்கள். பிறகு எழுந்து போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தீர்கள். நீல பால்பாயிண்ட் பேனாவில், ‘செல்வி இட்லிப் பொடி.’

"அன்னைக்கு அவளே இடிச்சா. அதான் பேரையும் சேத்து எழுதி வெளையாண்டா. விக்காம கெடந்த பொட்டலத்துல இருந்துச்சு" என்றீர்கள். "நீ ஒண்ணும் எழுத வேண்டாம் தம்பி. இத அப்படியே அச்சுல ஏத்திக் குடு. அவ எழுத்துல்லா."

"சரிக்கா" என்றேன். அந்த ‘சரி’யை முழு மனதோடுதான் சொன்னேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் அலுவலக மேசையில் அதை விரித்தேன். நீல மசி, அச்சுக்கு பிளாக் செய்கிறவரின் கேமராவில் விழாது. கறுப்பு வேண்டும். மேலே மெல்லிய தாளை வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டு, அதில் கறுப்பு மை போட்டிருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் எங்கள் பிரிவில் மூலத்தின் மேலேயே கை வைப்பதுதான் வழக்கம். பிசிறை வெள்ளைப் பூச்சால் மறைப்பது, கோணலை நிமிர்த்துவது, இதற்குத்தானே சம்பளம். நான் தூரிகையை எடுத்து நேராக அவள் எழுத்தின் மேலேயே ஓட்டினேன்.

‘செ’வின் கொம்பு சாய்ந்திருந்தது, நிமிர்த்தினேன். ‘ட’வின் தொப்பையை வெள்ளையால் அடைத்தேன். பிறகு அந்த மேல்கோடு. அது எதற்கு அங்கே என்று ஒரு கணமாவது யோசித்தேனா? இல்லை. ஒரே இழுப்பில் வெள்ளையடித்துவிட்டேன். டீ வருவதற்குள் முடிந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். "அச்சா ஹை" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. பெருமை, அக்கா. இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சொல்லை எழுதக் கூசுகிறது.

லேபிள் அச்சாகி வந்ததும் நூறு தாளோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒன்றை எடுத்துப் பார்த்தீர்கள்.

"அவ எழுதினது எங்க தம்பி?"

"இதுதாங்கா. கொஞ்சம் சரி பண்ணினேன்."

"அந்தக் காயிதம்?"

கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு வெள்ளைப் பூச்சை நகத்தால் மெல்லச் சுரண்டினீர்கள். பூச்சோடு சேர்ந்து காகிதமும் உரிந்து வந்தது. அதற்கு மேல் சுரண்டவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் திட்டியிருக்கலாம். லேபிள் கட்டை என் முகத்தில் எறிந்திருக்கலாம்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. உக்காரு, காப்பி போடுதேன்" என்றீர்கள்.

உட்கார்ந்து குடித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் ‘நல்லாத்தான் இருக்கு’ என்றதைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் கேட்கலாம் என்று நினைத்தேன். அந்த மறுநாள் வரவே இல்லை. அந்த லேபிளோடு எட்டு வருடம் பொடி விற்றீர்கள். கரோல் பாக்கில் அந்தக் கடை வரும்போது எதிர்ப் பக்கம் கடந்து நடப்பேன்.

அண்ணாச்சி ஓய்வு பெற்று, நீங்கள் திருநெல்வேலிக்குக் கிளம்பிய வாரம் மூட்டை கட்ட வந்தேன். மிச்சமிருந்த லேபிள்களைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. எதையோ எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவர்போல் கேட்டீர்கள்.

"தம்பி, அவ எப்படி எழுதுவான்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு. கண்ண மூடினா நீ எழுதின எழுத்துதான் வந்து நிக்கி. நீ எழுத்துக்காரன்லா, ஒனக்காவது ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னால் உடனே தாளும் பேனாவும் எடுத்துத் தந்திருப்பீர்கள். நான் எழுதிக் காட்டியிருந்தால், அன்று என்ன அழிந்தது என்று முழுதாக உங்கள் கண்முன் வந்திருக்கும். அதைப் பார்க்கும் உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும்.

"இல்லக்கா, மறந்துபோச்சு" என்றேன்.

நீங்கள் தலையாட்டிவிட்டு லேபிள்களை மூட்டைக்குள் வைத்தீர்கள்.

மறக்கவில்லை அக்கா. அன்றும் ஒவ்வொரு எழுத்தும் அப்படியே இருந்தது. இன்றும் இருக்கிறது.